ஒருவருக்கு ஒரு திரை, கணவன் மனைவியானாலும்

போன மாதம் மெலிசா எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். பத்தொன்பது வருடம் நான் இருந்து வேலை செய்த மேசையின் படம். என் பழைய கணினியைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். மொனிட்டரின் கீழ் விளிம்பில் நான் ஒட்டிவைத்த மஞ்சள் துண்டு மட்டும் இன்னும் அங்கேயே இருந்தது. "ஒருவருக்கு ஒரு திரை. கணவன் மனைவியானாலும்." என் கையெழுத்துத்தான்.

படத்தோடு அவளுடைய குரலும் வந்தது. "அல்லோரா, ரீட்டா அன்ரி, இதை எறியலாமோ? முதல் வசனம் விளங்குது. ரெண்டாவது என்னத்துக்கு? உங்கடை கொம்பியூட்டரிலை ஒருத்தருக்கும் வேலை செய்யத் தெரியேல்லை. புதுசு வந்திட்டுது."

மெலிசா இத்தாலியில், இந்தப் பலெர்மோவிலேயே பிறந்த பிள்ளை; "அல்லோரா" என்ற இத்தாலியச் சொல் இல்லாமல் பேச்சைத் தொடங்க மாட்டாள். நான் ஓய்வு பெற்றபின் என் கதிரைக்கு வந்தவள். கெட்டிக்காரி, ஆனால் பொறுமை கிடையாது. "எறி" என்று ஒரே சொல்லில் பதில் போட்டிருக்கலாம். ஆனால் அந்த இரண்டாவது வசனத்தை எழுதியது நான். அதை எழுத வைத்ததும் நான் செய்த பிழைதான். குரல் பதிவில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

மன்னாரில் தட்டெழுத்து வகுப்புக்குப் போனவள் நான். இங்கு வந்து பதினொரு வருடம் வீடுகள் துடைத்தேன். போர்கோ வெக்கியோவில், சந்தைக்குப் பின்னால், தேவாலயத்துக்குச் சொந்தமான கட்டடம் ஒன்றின் கீழ்த்தளத்தில் ஓர் உதவி அலுவலகம் இருந்தது. வெளிநாட்டுக்காரருக்கு வதிவிட அனுமதியான பெர்மெஸோ புதுப்பிப்பது, நோயாளிகளுக்கு அரச உதவிக்கு விண்ணப்பிப்பது, இப்படியான கடதாசி வேலைகள். வேலை முடிந்து போகும் வழியில், அந்தப் படிக்கட்டில் காத்து நிற்கும் எங்கள் ஆட்களுக்கு நான் மொழிபெயர்த்துச் சொல்வதுண்டு. ஒருநாள் உள்ளேயிருந்து ஒரு பெண் வந்து, "படிக்கட்டில் நின்று செய்வதைக் கதிரையில் இருந்து செய்யலாமே, சிஞ்ஞோரா" என்றார். அவர்தான் பொறுப்பாளர் டொனாத்தா.

டொனாத்தா என்னைவிட ஏழு வயது இளையவர். முன்பு துறைமுகத்தில் கப்பல் முகவர் ஒருவரிடம் வேலை செய்தவர். வாயில் எந்நேரமும் கறுப்பு அதிமதுர மிட்டாய் ஒன்று கிடக்கும். குரல் உயராது. பலெர்மோவில் குரல் உயராத ஒருவரைக் கண்டால் அவருக்குச் சுகமில்லையோ என்றுதான் முதலில் நினைக்கத் தோன்றும். பத்தொன்பது வருடமும் என்னை, அம்மணி என்று மரியாதையாகச் சொல்வதுபோல, "சிஞ்ஞோரா ரீட்டா" என்றும் "நீங்கள்" என்றும்தான் அழைத்தார். ஒருமுறைகூட அது மாறியதில்லை.

எங்கள் கணினிகள் யாரோ கழித்துவிட்டுத் தானமாகத் தந்தவை. பாரமான மென்பொருள் எதையும் தாங்காதவை. அதனால் டொனாத்தா அவற்றில் தானே லினக்ஸும், அதற்கு மேல் டைலிங் விண்டோ மனேஜர் என்ற ஒன்றும் போட்டிருந்தார். முதல் நாள் நான் திரையைப் பார்த்தபோது ஒன்றுமில்லை. ஒரே கறுப்பு. படங்கள் இல்லை, பட்டன்கள் இல்லை. "பழுதாப் போச்சுது" என்றேன். "இல்லை, உங்களுக்காகக் காத்திருக்கிறது" என்று சொல்லிவிட்டு, மவுஸை எடுத்து மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினார். மூன்று கிழமை அது வெளியே வரவில்லை. அந்த மூன்று கிழமையும் நான் மனதுக்குள் அவரைத் திட்டிய திட்டுகளை இங்கே எழுத முடியாது.

அது எப்படி வேலை செய்யும் என்பதைச் சொல்ல வேண்டும். சாதாரணக் கணினியில் நாம் திறக்கும் யன்னல்கள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும். கீழே கிடப்பது தெரியாது. இதில் அப்படி இல்லை. முதலில் திறப்பது திரை முழுவதையும் எடுத்துக்கொள்ளும். இரண்டாவதைத் திறந்தால் ஆளுக்குப் பாதி. மூன்றாவது வந்தால் அந்தப் பாதியில் ஒன்று இரண்டாகும். தரையில் ஓடு பதிப்பதுபோல் விளிம்போடு விளிம்பு சேர்ந்து நிற்கும். எதுவும் எதையும் மறைக்காது. ஒன்றை மூடினால் அதன் இடம் வெறுமையாகக் கிடக்காது. பக்கத்தில் இருப்பது உடனே பரந்து அந்த இடத்தையும் பிடித்துக்கொள்ளும். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள், மெலிசா. நடந்தது எல்லாம் இதனால்தான்.

இப்படி ஒன்பது திரைகள் உண்டு. ஒரு விசையை இடது பெருவிரலால் அழுத்திக்கொண்டு எண்ணைத் தட்டினால் அந்தத் திரை வரும். ஆறைத் தட்டினால் ஆறாவது. அதில் திறந்தவை அதிலேயே இருக்கும், மற்றத் திரையில் தெரியாது. மாலையில் கணினியை அணைக்க மாட்டோம், பூட்டிவிட்டுப் போவோம். காலையில் வந்து தட்டினால் விட்ட இடத்தில் அப்படியே நிற்கும்.

டொனாத்தாவின் ஒழுங்கு இதுதான். ஆள் வந்து உட்கார்ந்ததும் வெறுமையான எண் ஒன்றுக்குப் போ. இடப் பக்கம் பாஸ்போர்ட்டின் பிரதி. வலப் பக்கம் நிரப்பும் படிவம். கீழே மெல்லிய கீற்றாக, இன்னும் வரவேண்டிய கடதாசிகளின் பட்டியல். அந்த ஆளின் வேலை முடியும்வரை அந்தத் திரை அவருக்கு மட்டும் சொந்தம். இன்னொருவரின் ஒரு துண்டுகூட அதற்குள் வரக்கூடாது. என்னிடம் ஏதும் கேட்க வந்தால் டொனாத்தா எட்டிப் பார்க்க மாட்டார். மேசை விளிம்பில் விரலால் இரண்டு தரம் தட்டுவார். நான் தலையசைத்த பிறகுதான் திரையைப் பார்ப்பார். பார்த்ததும் முதல் கேள்வி, "இது யாருடைய கடதாசி?"

அந்த ஒழுங்கின் பலனை இரண்டாம் வருடமே கண்டேன். பல்லரோ சந்தைக்குப் பக்கத்தில் மரக்கறிக் கடை வைத்திருந்த எங்கள் ஆள் ஒருவர், மனைவியை இங்கே கூப்பிட விண்ணப்பிக்க வந்தார். பாஸ்போர்ட்டில் பிறந்த மாதம் ஒன்று, பழைய பெர்மெஸோவில் வேறொன்று. வருடக்கணக்காகப் பல பேர் அந்த இரண்டையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்திருக்கிறார்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது நான்தான் முதல். அப்படியே அனுப்பியிருந்தால் திரும்பி வந்திருக்கும். டொனாத்தா அன்று எனக்கு ஓர் அதிமதுர மிட்டாய் தந்தார். அவர் ஆளைப் பாராட்டுவது அதுதான். கசப்பு தாங்காமல் கைலேஞ்சிக்குள் துப்பினேன்.

அதன்பின் எனக்குத் தலைக்கனம் வந்தது. விசைகள் கைக்குப் பழகிவிட்டன. கண் ஆளின் முகத்தில் இருக்கும், கை தன்பாட்டில் திறக்கும், மூடும், மாற்றும். திரையைப் பார்க்காமலே நாலு யன்னலை மூடிவிட்டு எழும்புவேன். எங்கள் சனம் அதை அதிசயமாகப் பார்க்கும். எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது.

இனிச் சொல்வது ஆறு வருடங்களுக்கு முன் நடந்தது. பெயர்களை மாற்றியிருக்கிறேன். யாருடைய கடதாசியோ அவரைக் கேட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதுங்கோ அக்கா. ஆனா என்னை நல்ல வடிவான ஆளா எழுதுங்கோ" என்றார். வடிவான ஆள்தான்.

செபஸ்தியான் மொண்டெல்லோவில், கடற்கரை உணவகம் ஒன்றின் சமையலறையில் வேலை செய்தார். அவருடைய மனைவி ஜசிந்தா வயதான சிஞ்ஞோரா ஒருவரைப் பராமரித்து வந்தார். ஒரே மகளுக்கு அடுத்த மாதம் பள்ளி இறுதிப் பரீட்சை. ஒரு திங்கட்கிழமை செபஸ்தியான் தனியே வந்தார். சட்டைப் பைக்குள் நாலாக மடித்த வைத்தியரின் சான்றிதழ். நுரையீரலில் கட்டி. அரச உதவிக்கு விண்ணப்பிக்கச் சொல்லி வைத்தியர் அனுப்பியிருந்தார்.

"ஜசிந்தாவுக்குத் தெரியுமோ, தம்பி?" என்று கேட்டேன்.

"இல்லை அக்கா. பிள்ளையின்ரை சோதினை முடியட்டும். பிறகு நானே சொல்லுவன். அதுமட்டும் இது இஞ்சையே இருக்கட்டும்."

"இருக்கும்" என்றேன். சொன்ன சொல்லை நான் நினைத்துத்தான் சொன்னேன். சான்றிதழைப் பிரதி எடுத்து, நாலாம் திரையில் அவருடைய பாஸ்போர்ட்டுக்குப் பக்கத்தில் திறந்தேன். வைத்தியரிடமிருந்து இன்னொரு கடதாசி வர வேண்டியிருந்ததால் அதை மூடாமல் விட்டேன்.

வியாழக்கிழமை இருவரும் சேர்ந்து வந்தார்கள். ஜசிந்தாவின் பெர்மெஸோ முடியப் போகிறது. அது கணவரின் பெயரில் தங்கியிருப்பதால் அவருடைய கடதாசிகளும் வேண்டும். நான் வெறுமையான திரை ஒன்றுக்குப் போயிருக்க வேண்டும். கணவரின் பாஸ்போர்ட்டை அங்கே புதிதாகத் திறந்திருக்க வேண்டும். ஆனால் அது ஏற்கெனவே நாலில் திறந்து கிடந்தது. புருஷன் பெண்சாதி, ஒரே வீடு, இவர்களுக்கு எதற்கு இரண்டு இடம் என்று எண்ணினேன். எங்கள் ஆட்கள் குடும்பமாக வந்து குடும்பமாக உட்கார்ந்து ஒரே வாயாகக் கதைப்பவர்கள். பாஸ்போர்ட்டுகளை எல்லாம் ஒரே பைக்குள், ஒரே ரப்பர் வளையத்தில் கட்டி வைத்திருப்பவர்கள். அந்தப் பைக்குள் கை விட்டுப் பழகிய எனக்கு அது பிழையாகவே படவில்லை. நாலாம் திரைக்குப் போனேன்.

சான்றிதழ் வலப் பக்கத்தில் நின்றது. அதைப் பார்க்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். படிவத்தையும் ஜசிந்தாவின் பாஸ்போர்ட்டையும் திறக்கத் திறக்க அது ஒடுங்கி, மூலையில் இரண்டு விரல் அகலக் கீற்றாகிவிட்டது. எழுத்து எறும்பு அளவுகூட இல்லை. இதை யார் வாசிக்கப் போகிறார்கள் என்று விட்டேன். மவுஸில் போய் அதை மூட எனக்குச் சோம்பல்.

முக்கால் மணித்தியாலத்தில் படிவம் முடிந்தது. ஒட்டவேண்டிய முத்திரையை மறந்து வந்திருந்தார்கள். "நான் ஓடிப்போய் வாங்கியாறன்" என்று செபஸ்தியான் மூலையில் இருந்த கடைக்குப் போனார். நான் அச்சு இயந்திரப் பக்கம் திரும்பினேன். தாள்கள் வந்துகொண்டிருந்தன. அவற்றை எடுத்து அடுக்கியபடி, முகம் அங்கே, இடது கை இங்கே, வழக்கம்போல் யன்னல்களை மூடினேன். ஒன்று. இரண்டு. மூன்று. நாலாவதுக்கு முன் தாள் ஒன்று கீழே விழுந்தது. குனிந்து எடுத்தேன்.

நிமிர்ந்தபோது, மூடிய மூன்றின் இடத்தையும் அந்தக் கீற்று பிடித்திருந்தது. திரை முழுவதும் சான்றிதழ். யன்னல் பெருக்கப் பெருக்க எழுத்தும் பெருக்கும்படி அமைத்து வைத்ததும் நான்தான். செபஸ்தியானின் பெயர் என் பெருவிரல் அளவில் இருந்தது.

ஜசிந்தா வாசித்துக்கொண்டிருந்தார். அந்த இத்தாலிய மொழியில் அவருக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. தன் சிஞ்ஞோராவை மாதம் இரண்டு தரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், வைத்தியர் எழுதுவதை வாசித்து மருந்து கொடுப்பவர். நான் கையை விசைப்பலகையில் வைத்தேன். எந்த விசை என்று தெரியவில்லை. பதின்மூன்று வருடம் பழகிய கை அன்று மறந்துபோனது.

"அக்கா," என்றார் ஜசிந்தா, கண்ணை எடுக்காமல். "இதை மூடுங்கோ. அவர் வரப்போறார்."

மூடினேன். திரை கறுப்பானது.

"தங்கச்சி, நான்..."

"நான் ஒண்டும் பாக்கேல்லை அக்கா. நான் பாத்ததை நீங்களும் பாக்கேல்லை. அவர் தானாச் சொல்லட்டும். அதை மட்டும் எனக்கு விட்டிடுங்கோ."

செபஸ்தியான் மூச்சு வாங்க வந்தார். "கடைக்காரன் பந்தாட்டம் கதைச்சே ஆளைக் கொல்லுறான்" என்று சிரித்தார். ஜசிந்தா முத்திரையை வாங்கிப் படிவத்தில் ஒட்டி, பெருவிரலால் அழுத்தினார். தேவைக்கு மேல் வெகுநேரம் அழுத்தினார். பிறகு இருவரும் எழும்பிப் போனார்கள்.

அன்று நான் டொனாத்தாவிடம் சொல்லவில்லை. வெள்ளியும் திங்களும் சொல்லவில்லை. ஜசிந்தா கேட்டதைச் செய்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால் பயம். வேலை போய்விடும் என்ற பயம் பாதி. என்னை நம்பி வந்த மனிதனின் முகத்தைப் பார்க்கும் பயம் மீதி.

செவ்வாய்க்கிழமை காலை மேசை விளிம்பில் இரண்டு தட்டு. தலையசைத்தேன். டொனாத்தா திரையைப் பார்க்கவில்லை, என் கையைப் பார்த்தார்.

"இரண்டு நாளாக ஒவ்வொரு விசையையும் பார்த்துப் பார்த்து அழுத்துகிறீர்கள். முதல் கிழமையில் இருந்ததுபோல. என்ன நடந்தது, சிஞ்ஞோரா ரீட்டா?"

சொன்னேன். எல்லாவற்றையும், அந்தக் கீற்றைக் கண்டும் விட்டதையும் சேர்த்து. அவர் மிட்டாயை வாயிலிருந்து எடுத்து ஒரு தாளில் சுற்றி வைத்தார். அவர் அப்படிச் செய்து நான் கண்டதில்லை.

"அது யாருடைய கடதாசி?"

"செபஸ்தியானுடையது."

"அப்படியென்றால் அவருக்குத்தான் சொல்ல வேண்டும். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்."

"மனைவி சொல்ல வேண்டாம் என்று கேட்டாரே."

"தன் கடதாசியைப் பற்றி அவர் எதைக் கேட்டாலும் செய்வோம். இது அவருடையது அல்ல."

எனக்குக் கோபம் வந்தது. அதுவரை அவரோடு நான் எதிர்த்துக் கதைத்ததில்லை. "உங்களுக்கு எங்கள் ஆட்களைத் தெரியாது. எங்களில் ஒரு வீட்டில் ஆளுக்கொரு கடதாசி கிடையாது. ஒரு குடும்பம் என்றால் ஒன்றுதான்" என்றேன்.

"குடும்பத்துக்கு நுரையீரல் இல்லை, சிஞ்ஞோரா" என்றார் டொனாத்தா. அதே குரல், உயரவும் இல்லை, தாழவும் இல்லை. "ஒரு ஆளுக்குத்தான் இருக்கிறது. அதை யார் யார் அறிய வேண்டும் என்று முடிவுசெய்யும் உரிமை அவரிடம் இருந்தது. அதை நாம் எடுத்துவிட்டோம். திருப்பிக் கொடுக்க முடியாது. எடுத்ததையாவது சொல்ல வேண்டும்."

நீங்கள் எடுத்தீர்கள் என்று சொல்லவில்லை. நாம் என்றார். நான் கழிப்பறைக்குள் போய் அழுதேன். வெளியே வந்தபோது என் கைப்பையை எடுத்து மேசைமேல் வைத்திருந்தார். "நானும் வரவா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அந்த மஞ்சள் துண்டை எழுதி ஒட்டிவிட்டுப் புறப்பட்டேன்.

மொண்டெல்லோ பஸ்ஸில் நீச்சல் உடுப்பும் குடையுமாகச் சனம். அவர்களுக்குள் நான் நெருங்கி நின்றபடி, சொல்லவேண்டியதை மனதுக்குள் பாடமாக்கினேன். உணவகத்தின் பின்கதவில் செபஸ்தியான் மட்டிகளின் ஓட்டைக் கத்தியால் சுரண்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"அக்கா! டொக்டரின்ரை மற்றக் கடதாசி வந்திட்டுதோ?"

பாடமாக்கியது எல்லாம் பறந்துவிட்டது. "தம்பி, நான் ஒரு பிழை விட்டிட்டன்" என்று தொடங்கி, நின்ற நிலையிலேயே சொல்லி முடித்தேன். ஜசிந்தா வாசித்தார் என்றும் சொன்னேன். உமக்குச் சொல்ல வேண்டாம் என்று கேட்டார் என்றும் சொன்னேன். அதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் முடிவெடுத்திருந்தேன்.

அவர் கத்தியை வைத்துவிட்டுக் குழாயில் கை கழுவினார். ஏசுவார் என்று நின்றேன். ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"எப்ப அக்கா?"

"வியாழக்கிழமை. நீர் முத்திரை வாங்கப் போன நேரம்."

"வியாழன்," என்றார். பிறகு, "அப்ப ஞாயிற்றுக்கிழமை அவளுக்குத் தெரியும்."

"ஓம்."

எங்கள் ஆட்கள், சைவமோ கிறிஸ்தவ வேதமோ என்று பார்க்காமல், ஞாயிற்றுக்கிழமைகளில் பெல்லெக்ரினோ மலையில் உள்ள சாந்தா ரொசாலியா என்ற புனிதையின் குகைக் கோயிலுக்குப் போவார்கள். நேர்த்தி வைத்தவர்கள் பஸ்ஸில் போகமாட்டார்கள், வளைந்து வளைந்து ஏறும் கல்லுப் பாதையில் நடந்துதான் போவார்கள். செபஸ்தியான் வீட்டில் மகளின் பரீட்சைக்காக அப்படியொரு நேர்த்தி இருந்திருக்கிறது.

"கிழமை முழுக்க எனக்கு அதே யோசினை அக்கா," என்றார். "என்னாலை ஏறேலாது எண்டு தெரியும். மூச்சு வாங்கினா அவள் கண்டுபிடிச்சிடுவாள். என்ன பொய் சொல்லுறது எண்டு யோசிச்சுக்கொண்டே நடக்கத் துவங்கினன். முதல் வளைவிலையே அவள் கல்லிலை குந்தி இருந்திட்டாள். முழங்கால் நோகுதாம். அடுத்த வளைவிலையும் இருந்தாள். நான் பேசினனான் அக்கா. அம்பது வயசு ஆகேல்லை, அதுக்குள்ளை கிழவியாப் போனாய் எண்டு எல்லாச் சனத்துக்கும் முன்னாலை பேசினனான். ஒண்டும் சொல்லேல்லை. ஆனா எனக்கு உள்ளுக்குள்ளை சந்தோசம். அவள் இருக்கிற நேரம் நான் மூச்சு எடுத்தன். மேலை போய் அவளின்ரை முழங்காலுக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்தினன். கொளுத்திப்போட்டு, அந்த நோவுக்கு நன்றியும் சொன்னன். கடவுள் மன்னிக்கட்டும்."

 உள்ளேயிருந்து யாரோ அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவருக்குக் கேட்கவில்லை.

"அக்கா, அவளுக்கு முழங்காலிலை ஒண்டும் இல்லை, என்ன?"

எனக்குத் தெரியாது என்று சொல்லாமல், அவர் திறந்தபடி விட்ட குழாயை மூடினேன்.

அவர் பின்னால் கையால் தடவி, கவிழ்த்து வைத்திருந்த மீன் பெட்டியில் உட்கார்ந்தார். ஈரக் கைகளை மடியில் துடைத்தார்.

"எத்தினை வளைவு அக்கா," என்றார். "ஒவ்வொரு வளைவிலையும் எனக்கு மூச்சு முட்ட முதல் அவள் குந்தி இருந்தவள்."